அமெரிக்காவில் ‘சார்ல்ஸ்டன் ஓட்டை’ என்கிறார்களே, அது என்ன?

துப்பாக்கி வாங்குபவர் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இவருக்கு விற்கலாமா என்று கடைக்காரர் எஃப்பிஐயிடம் கேட்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். ‘பொறுங்கள்’ என்று வந்து, மூன்று வேலை நாளாகியும் முடிவு தெரியாவிட்டால், விற்கலாம். அரசு இழுத்தடித்தே உரிமையைத் தடுத்துவிடக் கூடாதென்று 1993 பிரேடி சட்டத்தில் வைத்த விதி அது.

வாடகைக்கு வருபவரைப் பற்றி விசாரிக்கச் சொல்லிவிட்டு, பதில் வருமுன் சாவியைக் கொடுப்பது போலத்தான். 2015இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் இப்படித்தான் கைத்துப்பாக்கி வாங்கினான்; அதனால்தான் இந்த விதிக்கு ‘சார்ல்ஸ்டன் ஓட்டை’ என்று பெயர். அவனுடைய போதைப்பொருள் வழக்கு விவரத்தைக் கேட்டு எஃப்பிஐ அணுகியது சம்பந்தமில்லாத வேறு காவல்துறையை, அதற்குள் மூன்று நாள் கெடு ஓடிப்போனது.

2022 சட்டப்படி, 21 வயதுக்குக் கீழ் என்றால் தேவைப்பட்டால் 10 வேலை நாள்வரை விசாரிக்கலாம்.

கெடு முடிந்தால் விற்றே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கடைக்காரர் தாராளமாக மறுக்கலாம்.