24 மணி நேர ஆள் என்றால் தூங்காத ஆளா?
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ் ஒருவர் 24 மணி நேரமும் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். இப்போது அம்மாவுக்கு வால் எலும்புப் பக்கம் சிவந்திருக்கிறது. கேட்டால், "வயசானவங்களுக்கு அப்படித்தான், பவுடர் போடுங்க" என்கிறது ஏஜென்சி. ஆளை மாற்றுவதா, ஏஜென்சியையே மாற்றுவதா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்தச் சிவப்பைப் பாருங்கள். விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் தொட்டும் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, தொளதொளவென்றோ இருந்தால் அதுவும் அடையாளம்தான். தோல் உரிந்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் வேண்டாம். எண்ணெய் தடவித் தேய்க்கவே தேய்க்காதீர்கள்; அடியில் நைந்திருக்கும் சதை மேலும் சிதைந்துவிடும்.

இதற்கு வைத்தியம் திருப்பிப் படுக்க வைப்பதுதான், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிவப்பு அடங்கும்வரை மல்லாக்க வேண்டாம். இடது, வலது மட்டும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் பாரம் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாதபடி. மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. அடிவிரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். அதில் காற்று போதுமா என்று பார்க்க, அம்மாவின் இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும்.

குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அதே நிலையில் நாள் முழுக்க விட்டால் உடம்பு கீழே சரியும், சரியும்போது உராய்வது அதே வால் எலும்புத் தோல்தான். திருப்ப வேண்டியதை உணவுக்கு முன்பே திருப்பிவிடுங்கள்.

இனி ஏஜென்சி விஷயம். 2 மணிக்கொருமுறை என்றால் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டும். பகலெல்லாம் குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, உணவு கொடுத்தவர் ராத்திரியும் இப்படி எழுந்தால் ஒரு வாரம் தாங்குவாரா? அவரும் மனுஷிதானே. நோயாளியின் நிலை தெரிந்தும் ஒரே ஆளை அனுப்பி "24 மணி நேர சர்வீஸ்" என்று பணம் வாங்குவதுதான் இங்கே நடந்திருக்கும் தப்பு. அந்தப் பெண்ணை மாற்றினால் அடுத்து வருகிறவரும் ராத்திரி அசந்து தூங்கத்தான் செய்வார். 12 மணி நேர ஷிஃப்டுக்கு இருவரைக் கேளுங்கள். கட்டுப்படியாகாது என்றால் வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி முறையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

வந்திருப்பவர் படித்த நர்ஸா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்ஸிங் படித்துத் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிந்தவருக்குப் பதிவு எண் இருக்கும். அது இல்லாதவர் அட்டெண்டர். சொல்லிக்கொடுத்தால் குழாயில் உணவு கொடுப்பார். ஆனால் கழன்ற குழாயை அவர் திரும்பச் செருகவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. மூக்கருகே குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு வெளியே தள்ளி வந்திருந்தால் அந்த வேளை உணவை நிறுத்திவிட்டு நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்கள்.

கட்டிலருகே ஒரு நோட்டு வையுங்கள். நேரம், எந்தப் பக்கம் திருப்பியது, உணவு எத்தனை மில்லி, டயப்பர் மாற்றியது, தோல் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஏஜென்சியோடு பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.

கேள்வி: ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கட்டினோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள், அப்புறம் ஆளே வரவில்லை. பணத்தைக் கேட்டால் "ரீப்ளேஸ்மென்ட் தர்றோம், ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். வாங்க முடியுமா?
- வாசகர், சேலம்

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ஆள் வராத தேதிகள், கட்டிய தொகை, கேட்கும் தொகை மூன்றையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காமல் விட்டிருந்தால், தொகையைக் குறிப்பிட்டு இப்போதே ஒரு வாட்ஸ்அப் அனுப்பி அவர்கள் பதிலை வாங்கிவையுங்கள்.