ஆய்வக எலிகளின் மூளைக் கடிகாரம் நரம்பு இணைப்பால் ஓடுகிறதா, ரசாயனத்தால் ஓடுகிறதா?

இரண்டாலும்தான். ஆனால் ரசாயனத்தின் பங்கு நான் நினைத்திருந்ததைவிட மிகப் பெரிது.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது சுண்டெலிகளின் ஓட்டச் சக்கரங்களுக்குக் காவல் இருந்தவன் நான். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. விளக்கு அணைந்ததும் அறை முழுக்கச் சக்கரங்கள் கடகடவென்று சுற்றத் தொடங்கும். அப்புறம் விளக்கே போடாமல் விட்டாலும் தினமும் ஓடும். என்ன, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடும். சுண்டெலியின் உள்கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணிக்குச் சற்றே குறைவு. ஒவ்வொரு நாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையும் வரைபடத்தில், ஓடிய நேரத்தைக் காட்டும் கருப்புப் பட்டை இடப்பக்கம் சரிந்துகொண்டே போகும்.

அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கிறது. சுமார் 20,000 நியூரான்கள். பெயர் சுப்ராகையாஸ்மாட்டிக் நியூக்ளியஸ், சுருக்கமாக எஸ்சிஎன். அதை அழித்தால் எலியின் தினசரித் தாளம் சிதறுகிறது என்று 1972இல் தெரிந்தது. 1990இல் மரபணுப் பிறழ்வால் 20 மணி நேரத் தாளம் கொண்ட ஹாம்ஸ்டரின் (எலி போன்ற சிறு விலங்கு) எஸ்சிஎன்னை, அது அழிக்கப்பட்ட சாதாரண ஹாம்ஸ்டருக்குள் வைத்தார்கள். ஓட்டம் திரும்பியது, 20 மணிக் கணக்கில்!

எனக்குப் பிடித்தது 1996 சோதனை. இப்படி ஒட்டவைக்கும் எஸ்சிஎன் திசுவைப் பாலிமர் உறைக்குள் அடைத்து வைத்தார்கள். நரம்பிழை வெளியே வளர வழியில்லை, மூலக்கூறுகள் மட்டும் கசியலாம். அப்படியும் ஓட்டத் தாளம் திரும்பிவிட்டது. அதற்காக ரசாயனமே எல்லாம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டுத் திசு வைத்த ஹாம்ஸ்டர்களில் ஹார்மோன் தாளங்கள் திரும்பவில்லை. அவற்றுக்கு நரம்பிழை வேண்டியிருக்கிறது.

எஸ்சிஎன்னுக்குள்ளே செல்கள் ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போக, விஐபி என்ற பெப்டைட் (சிறு புரதம் போன்ற மூலக்கூறு) முக்கியம். (முதலில் குடலில் கண்டுபிடித்தது, பெயருக்கேற்ற மரியாதை மூளையில்தான்.) விஐபியோ அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியோ இல்லாத எலிகளில் பல செல்கள் தாளம் இழக்கின்றன, மற்றவை ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன.

வெளிச்சத்தின் செய்தியை விழித்திரையிலிருந்து கொண்டுவருவதில் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்தி ரசாயனம்தான் முதன்மை. அந்த வெளிச்சத்தின் வலிமையை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முழு இருட்டில் வைத்த ஒரு எலியின் பட்டை மட்டும் சரியாமல் செங்குத்தாக நின்றது. பிறழ்வு என்று குதித்தேன். கடைசியில் பார்த்தால் கதவிடுக்கு வழியாகத் தாழ்வார விளக்கு அந்தக் கூண்டின்மேல் தினமும் ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கருப்பு டேப் ஒட்டினேன். சில நாளில் அந்தப் பட்டையும் இடப்பக்கம் சரிய ஆரம்பித்துவிட்டது.