நகையை அடகு வைக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மகள் மென்பொருள் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். பயிற்சி நிலையம் ஒன்று ஆறு மாத ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் நிரல் எழுதும்) கோர்ஸுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் இருபதாயிரம் தள்ளுபடியாம். வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தள்ளுபடி போனால் போகட்டும். பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்டும் இடமும் உண்டு, பயிற்சி காலத்திலேயே உங்கள் பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் இடமும் உண்டு. இரண்டாவது வகையை முழுசாக முயன்று பார்த்த பிறகுதான் முதல் வகையைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

இயற்பியல் படித்தது குறையே இல்லை. விப்ரோவின் ‘வொர்க் இன்டகிரேட்டட் லேர்னிங்’ திட்டம் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்காகவே நடப்பது. கணிதம், இயற்பியல், புள்ளியியல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம், படிப்புச் செலவு நிறுவனத்தினுடையது. கடந்த சில ஆண்டு அறிவிப்புகளில் முதல் ஆண்டு ஸ்டைபெண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) மாதம் 15,000 ரூபாய், பிறகு ஆண்டுதோறும் கூடும். ஒன்று கவனியுங்கள்: பட்டப்படிப்பில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மகள் அலைடு (துணை) பாடமாகப் படித்த கணிதம் செல்லுமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரிவரியாகப் பாருங்கள். எந்த ஆண்டு முடித்தவர்கள் என்ற வரம்பும், அரியர் பற்றிய நிபந்தனையும் அதிலேயே இருக்கும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களும் பி.எஸ்சி. பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, தாங்களே பயிற்சி தருகின்றன. அந்தத் தேர்வில் பெரும்பகுதி கணக்கு, தர்க்கம், ஆங்கிலம். இயற்பியல் படித்த பிள்ளை பயப்பட அதில் ஒன்றுமில்லை.

தனக்கு ஆள் தேவைப்படும் நிறுவனம்தான் ஸ்டைபெண்ட் கொடுத்துப் பயிற்சி தரும். பயிற்சி தேறாவிட்டால் நஷ்டம் அதற்கும்தான், அதனால் அக்கறையோடு சொல்லிக்கொடுக்கும். கட்டணம் முழுவதையும் முதல் நாளே வாங்கிவிட்ட நிலையத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் படித்து முன்னேறிய பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் யார் நேர்மையானவர் என்று கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறதே.

போன வருடம் ஓர் அப்பா ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையனைக் கோர்ஸில் சேர்த்திருந்தார், நிலையம் மூன்றாவது மாதமே பூட்டிக்கொண்டு போய்விட்டது. ‘கோர்ஸ்தான் நின்றுவிட்டதே, இ.எம்.ஐ. மட்டும் ஏன் சார் பிடிக்கிறார்கள்?’ என்று கேட்டார். தாளை விரித்துப் பார்த்தால் அது கட்டண ரசீதே இல்லை, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம். பணம் மொத்தமாக நிலையத்துக்குப் போய்விட்டது, கடன் மட்டும் அப்பாவின் பெயரில் நிற்கிறது. சேரும் நாளன்று டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டதை மாதத் தவணைக்கு என்று நினைத்திருந்தார். அன்று அவருக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன்.

‘பிளேஸ்மென்ட் கேரண்டி’, ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பாருங்கள். நோட்டீஸில் முதலாவது இருக்கும், ஒப்பந்தத்தில் இரண்டாவது இருக்கும். அசிஸ்டன்ஸ் என்றால் நாலு நேர்காணலுக்கு அனுப்பிவைப்பார்கள், அவ்வளவுதான். நேரில் போய், போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் மூன்று பேரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்டைபெண்ட் தரும் இடத்தில் கட்டணம் இல்லை என்பதற்காக அது இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கொடுப்பது வருடங்களை. விப்ரோ திட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். பாண்டு, அதாவது இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், சும்மா மிரட்டல் காகிதம், கோர்ட்டில் நிற்காது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு, அந்தத் தொகை வருடத்துக்கு வருடம் குறையுமா என்ற மூன்றையும் மகளே படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடட்டும். ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்டு எந்த நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தாலும் அது மோசடிதான்.

மத்திய அரசின் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்திலும் மகள் பதிவு செய்யட்டும். தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே முடியும். பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகள் வைத்தன, இப்போதைய தொகையை அறிவிப்பில் பாருங்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் ஒரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்த அனுபவம் பயோடேட்டாவில் ஏறும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. மகளுக்கு நிரல் எழுதுவது பிடிக்கிறதா, சம்பளம் மட்டும் பிடிக்கிறதா? ஒரு பைசா செலவில்லாமல் பார்த்துவிடலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் பைத்தான் என்ற நிரல் மொழிப் பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் தமிழ்க் குரலும் உண்டு. தினம் இரண்டு மணி நேரம், ஒரு மாதம். என்னிடம் வந்த இன்னொரு இயற்பியல் மாணவி கல்லூரி லேபில் செய்த தனி ஊசல் சோதனையையே பைத்தானில் எழுதிக்கொண்டு வந்தாள். நூலின் நீளத்தைக் கொடுத்தால் அலைவு நேரம் வரும், லேபில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு வரைபடம் போடும். மொத்தம் நாற்பது வரி. ஓர் இடத்தில் விடை பத்து மடங்காக வந்ததையும், சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்டதை ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடித்ததையும் அவள் சொன்னபோது முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தே, இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் மகளும் அப்படி ஒன்றை எழுதிப் பார்க்கட்டும். நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

தம்பி பிளஸ் டூ படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு வேறு வழிகள். ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2005 முதல் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகை உண்டு, படிப்பு இரண்டு ஆண்டு. சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. பட்டம் கிடைக்காது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டத்தில் மென்பொருள் வேலைக்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். அதில் வேலையோடு பட்டமும் படிக்கலாம், ஆனால் பயிற்சிக் கட்டணம் உண்டு.

அந்த நிலையம் கொடுத்த விண்ணப்பத்தையும் ஒப்பந்தத்தையும் எதிலும் கையெழுத்திடாமல் எடுத்துக்கொண்டு, வரும் ஞாயிறு பத்து மணிக்கு மேல் மகளோடு வாருங்கள். ஆறு செமஸ்டர் மார்க் ஷீட் நகலும் வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.