வாசகர் கேள்வி: நடுவானில் எரிபொருள் தீர்ந்தால்?

நீலகிரியிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் விமான எரிபொருளைப் பற்றி நான்கு நல்ல கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு இங்கே பதில்.

தொட்டபெட்டாவுக்கு மேலே 35,000 அடியில் போகும் விமானத்தின் இரண்டு இன்ஜினும் எரிபொருளின்றி நின்றுவிட்டால், கோவை விமான நிலையம் வரை வந்து சேருமா?
– பிளஸ் ஒன் மாணவி, கோத்தகிரி

தாராளமாக வந்து சேரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இன்ஜின் நின்றாலும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொண்டால் இறக்கை தூக்கிக்கொண்டே இருக்கும். 1983-இல் கனடாவில் இப்படி இறங்கிய போயிங் 767, ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் சுமார் 12 கிலோமீட்டர் முன்னே போனது. 35,000 அடி என்பது ஏறக்குறைய 10.7 கி.மீ. கோவை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர். மீதி 10 கி.மீ. உயரத்துக்கு 120 கி.மீ. போகலாம். தொட்டபெட்டாவிலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் 50 கி.மீ. சொச்சம்தான்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேராக வந்தால் ஓடுபாதைக்கு மேலே வரும்போது இன்னும் 19,000 அடி உயரம் மிச்சமிருக்கும். அதைக் கரைத்தாக வேண்டும். 220 நாட் (மணிக்குச் சுமார் 400 கி.மீ.) வேகத்தில் 25 பாகை சாய்த்து ஒரு முழு வட்டம் அடிக்க இரண்டரை நிமிடம் பிடிக்கும். அதில் 5,000 அடி கரையும். மூன்று வட்டம் போதுமா, நான்கா? ஒன்று குறைந்தால் ஓடுபாதையைத் தாண்டிவிடும்; ஒன்று கூடினால் முன்னாலேயே தரையைத் தொட்டுவிடும். இன்ஜின் இல்லாததால் மறுபடி மேலே ஏறி வர வழியில்லை. காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: தென்மேற்குப் பருவத்தில் மலையில் மேற்குக் காற்று வீசும்போதே 35,000 அடியில் கிழக்கிலிருந்து காற்று வீசும்.

மலைப்பாதையில் இன்ஜினை ஆஃப் செய்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் பிடிக்காது. விமானத்திலும் அப்படித்தானா?
– டாக்ஸி ஓட்டுநர், குன்னூர்

ஏறக்குறைய அப்படித்தான். காரில் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் இன்ஜினை நம்பியிருப்பதுபோல, பெரிய விமானத்தில் ஹைட்ராலிக் அழுத்தமும் மின்சாரமும் இன்ஜினிலிருந்துதான் வருகின்றன. வாலில் உள்ள துணை இன்ஜினும் அதே டாங்கிகளிலிருந்து குடிப்பதால், எரிபொருள் தீர்ந்தால் அதுவும் உதவாது. அதற்காகவே வயிற்றுப் பகுதியிலிருந்தோ இறக்கையிலிருந்தோ ஒரு சிறு காற்றாடி தானாக வெளியே விழும்படி வைத்திருக்கிறார்கள். ராம் ஏர் டர்பைன் என்பார்கள். எதிர்க்காற்றில் சுழன்று, விமானத்தைத் திருப்பவும் சாய்க்கவும் தேவையான அழுத்தத்தைத் தரும். வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறையும். தரையிறங்கும் நேரத்தில்தான் கைப்பிடி கனக்கும்.

அந்த 767-இல், குறைந்த வேகத்திலும் தூக்கிப்பிடிக்க இறக்கையின் விளிம்புகளில் விரியும் ஃபிளாப்பும் ஸ்லாட்டும் இயங்கவில்லை. சக்கரங்களைப் பூட்டு விடுவித்துச் சொந்த எடையில் விழவிட்டார்கள். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, முன்சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. திரைகள் அணைந்துபோயின. மிச்சமிருந்த சில கருவிகளில் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி கிடையாது. அதனால் துணை விமானி மோரிஸ் குயின்டல், ரேடார் நிலையம் சொன்ன தூரத்தையும் உயரமானி காட்டிய உயரத்தையும் வைத்துக் கையால் கணக்குப் போட்டார்: 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. வின்னிபெக் விமான நிலையம் எட்டாது என்று அந்தக் கணக்குதான் சொன்னது. கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்துக்குத் திரும்பினார்கள். உயரம் அதிகமாக இருந்ததால், கேப்டன் பாப் பியர்சன் ஒரு பக்கம் சாய்த்து வாலிலுள்ள திருப்பும் தகடான ரடரை எதிர்ப்பக்கம் மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு இறக்கினார். கிளைடர் ஓட்டிப் பழகியவர் அவர். ஓடுபாதை கார் பந்தயத் தளமாக மாறியிருந்தது. அன்று பந்தயமும் நடந்துகொண்டிருந்தது. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

உங்களுக்கு ஒன்று: மேட்டுப்பாளையம் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு மூட்டை இலையைக்கூட எடை போடாமல் உள்ளே விடமாட்டோம். 1983-இல் கனடாவில் அவ்வளவு பெரிய விமானத்தில் எரிபொருளைச் சரிபார்க்காமலா கிளம்பினார்கள்?
– எடைப் பிரிவு ஊழியர், கூடலூர்

சரிபார்த்தார்கள், இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரே எண் ஏமாற்றியது.

எரிபொருள் அளவுகாட்டி கெட்டிருந்தது. அதன் இரண்டு சேனல்களில் ஒன்றின் பிரேக்கரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை) இழுத்துவிட்டால் மற்றது வேலை செய்யும் என்று முந்தைய ஊரில் ஒரு தொழில்நுட்பர் கண்டுபிடித்து அப்படியே விட்டிருந்தார். கிளம்பிய ஊரான மான்ட்ரியலில் இன்னொருவர் சோதிப்பதற்காக அந்த பிரேக்கரைப் போட்டுப் பார்த்தார், திரும்ப இழுக்கவில்லை. காட்டி வெறுமையானது. எனவே இறக்கைக்கு அடியிலுள்ள அளவுகோலை இறக்கி அளந்தார்கள்: 7,682 லிட்டர்.

இன்ஜினுக்கு வேண்டியது எடைக் கணக்கு. வெயிலில் எரிபொருள் விரியும், லிட்டர் மாறும், கிலோ மாறாது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்கினால் கையிருப்பு 6,169 கிலோ. ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். ஆனால் தாளில் இருந்த எண் 1.77; அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பது. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி, வந்த 13,597-ஐக் கிலோ என்று எழுதிக்கொண்டார்கள். ஊற்றியது 4,917 லிட்டர்! வழியில் ஒட்டாவாவில் நின்று மறுபடி அளந்தபோதும் அதே 1.77. விமானத்தின் கணினிக்கும் 22,300 கிலோ என்றே கொடுத்ததால் அதுவும் எல்லாம் சரி என்றது.

பழைய விமானங்களில் ஃபிளைட் இன்ஜினியர் என்று மூன்றாமவர் இருந்து இந்தக் கணக்கைப் பார்ப்பார். அந்த 767-இல் அந்த இருக்கை இல்லை. அந்த வேலை யாருடையது என்பதும் தெளிவாக இல்லை. எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் விமானம் அந்த நிறுவனத்துக்குப் புதிது. உங்கள் எடைமேடையில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதுகிறீர்களே, அதைத்தான் அங்கே யாரும் கேட்கவில்லை.

கசிவு வேறு வகை. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரன்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர்பஸ் ஏ330-இல், வலது இன்ஜினில் பொருந்தாத பாகங்களைப் பூட்டியதால் இரண்டு குழாய்கள் உரசி எரிபொருள் குழாய் பிளந்தது. இரு பக்க டாங்கிகளில் அளவு வித்தியாசம் தெரிந்ததும், கசிவு என்று அறியாமல் இரு பக்க டாங்கிகளையும் இணைக்கும் குறுக்குக் குழாயைத் திறந்தார்கள். இடப்பக்க எரிபொருளும் பிளவு வழியே கடலுக்குப் போனது. இன்ஜின்கள் நின்றபின் 19 நிமிடம் காற்றில் மிதந்து, அட்லாண்டிக்கிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் லாஜஸ் விமானத் தளத்தில் 306 பேருடன் இறங்கியது. விமானிகள் பார்க்க வேண்டிய கணக்கு எளிது: எரித்ததையும் இருப்பதையும் கூட்டினால் கிளம்பியபோது இருந்தது வர வேண்டும். குறைந்தால் கசிவு, அப்போது குறுக்குக் குழாயைத் திறக்கவே கூடாது.

இப்படி நடந்தால் பயணி என்ன செய்ய வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, உதகை

இன்ஜின் நின்றால் கேபினுக்குக் காற்றழுத்தமும் வராது. முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகு பக்கத்துக் குழந்தைக்கு மாட்டுங்கள். பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். குனியச் சொன்னால், விமானம் முழுதாக நிற்கும்வரை நிமிராதீர்கள். ஏ330 லாஜஸில் தொட்டு எகிறி மறுபடி விழுந்தது. பையைத் தொடாதீர்கள். கிம்லியில் மூக்கு தரையில் உட்கார்ந்து வால் தூக்கி நின்றதால் பின்வாசல் சறுக்குப் பலகை கிட்டத்தட்ட செங்குத்தாகிவிட்டது. சிறு காயங்கள் அங்கே இறங்கியபோதுதான் ஏற்பட்டன. அதனால் அருகிலிருக்கும் வாசல் என்று நீங்களாக ஓடாமல், பணிப்பெண் கைகாட்டும் வாசலுக்குப் போங்கள்.