நாக்கு குத்தி மூன்று நாள்: கம்பியைக் கழற்ற வேண்டாம், மஞ்சளும் வைக்க வேண்டாம்

கேள்வி: "நாக்கு குத்தி மூணு நாள் ஆவுது. தடிச்சுப் போயி பேசவே முடியல. கம்பியைச் சுத்தி வெள்ளையா ஏதோ வருது. பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல இருக்கேன். கழட்டிரலாமா? வீட்டுல மஞ்சள் வைக்கச் சொல்லுதாவ."

கழற்றாதீர்கள், தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. வீக்கம் குத்திய அன்றே தொடங்கி மூன்றாம், நான்காம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஏழு முதல் பத்து நாளுக்குள் வடிந்துவிடும். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ வருவது நிணநீர். காது குத்திய பிள்ளைக்குக் கம்மலைச் சுற்றிப் பொருக்குக் கட்டுமே, அதே நீர்தான். வாய்க்குள் காய வழியில்லாததால் படலமாக நிற்கிறது. சீழ் என்றால் கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சளில், நாற்றத்தோடு வரும். வலியும் நாளுக்கு நாள் ஏறும்.

சீழே வந்தாலும் நீங்களாகக் கழற்றக் கூடாது. நாக்கில் புதுத் துளை சில மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும். மேலேயும் கீழேயும் மூடி, நடுவில் சீழ் தங்கினால் கட்டியாகிவிடும். கம்பி இருக்கும்வரை அதன் ஓரமாகவாவது வடியும். மருத்துவர் பார்த்து, மருந்து தொடங்கி, அவர் சொன்ன பிறகு கழற்றலாம்.

'பெண்பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா' என்று இதன் கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று. அவர் கேட்டது அதை இல்லை. குத்தியாகிவிட்டது, இனி ஆற வேண்டும். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட பச்சை குத்தும் கடைக்குச் சீல் வைத்தார்களே, அதோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். அது அறுவை சிகிச்சை. மருத்துவர் அல்லாதவர் தொடவே கூடாத காரியம். இது 1.6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துளை. ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கே ஆபத்து என்பதையும் எழுதியிருக்கிறேன், கடைசிவரை படியுங்கள்.

முதலில் உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி. அதில் கால் டீஸ்பூன் உப்பு. தாமிரபரணித் தண்ணீர் என்று எவ்வளவு பெருமை இருந்தாலும் குழாயில் பிடித்தபடியே புண்ணில் படவிடாதீர்கள். உப்பு அயோடின் சேர்க்காததாக இருந்தால் நல்லது, உறையில் பார்த்து வாங்குங்கள். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருக்க, நம் கடைகளில் கல் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்லாகவே கரண்டியில் அள்ளினால் அளவு தப்பும், பொடித்து அள்ள வேண்டும். அடியில் மண் தங்கும், கரைத்துச் சுத்தமான துணியில் வடிகட்ட வேண்டும். ஹாஸ்டலில் இதெல்லாம் நடக்காது என்றால் மருந்துக்கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மில்லி பாட்டிலாகக் கிடைக்கும். திறந்த பாட்டிலை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன் ஒரு முறையும், அரை நிமிடம் வாயில் வைத்து மெதுவாக அசைத்துத் துப்புங்கள். நாளுக்கு நாலைந்து முறை போதும். உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று இரண்டு ஸ்பூன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு கூடினால் புண்ணில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடும். புதிதாகக் கட்டும் தோல் வறண்டு எரியும். அக்கறையில்லாமல் விட்டுக் கெட்ட நாக்கைவிட, அளவுக்கு மீறிக் கழுவிக் கெட்ட நாக்குதான் அதிகம் என்பது என் எண்ணம். நாக்கு முழுக்க வெளுத்து, தோல் உரிகிற மாதிரி இருந்தால் குறைவாகக் கழுவச் சொல்லுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மவுத்வாஷ் கேட்டால் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் எடுத்துத் தருவார்கள். நல்ல மருந்துதான், ஆனால் நாளுக்கு இரண்டு முறை, ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம். தொடர்ந்து கொப்பளித்தால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை ஏறும், ருசி மாறும். பேஸ்டில் நுரை வரச் சேர்ப்பது இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும், அதனால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எதுவும் வேண்டாம்.

மஞ்சளைக் குறைசொல்லுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிக்காயத்தில் வைப்பது வேறு. இங்கே பொடி துளைக்குள் போய்க் கம்பிக்கும் சதைக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும், திரும்ப எடுக்க வழியில்லை. சமையல் மஞ்சள் கிருமி நீக்கியதும் கிடையாது. வசம்புக்கும் உமிக்கரிக்கும் பல்பொடிக்கும் இதே காரணம்தான். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் எட்டு வாரம் நிறுத்திவையுங்கள்.

அம்மா அடுத்து என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். "கோயில்ல அலகு குத்துதவனுக்கு ரெண்டு நாள்ல ஆறிருதே, ஒனக்கு மட்டும் என்ன?" உண்மைதான், ஆறிவிடும். ஏனென்றால் அந்த அலகை அன்றைக்கே உருவிவிடுகிறார்கள், இருபக்கச் சதையும் ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்கு ஒட்டக் கூடாது. துளையின் உள்சுவர் நெடுகத் தோல் வளர்ந்து அது ஒரு குழாய் ஆக வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்திலேயே வெளியில் பார்க்க ஆறிய மாதிரி இருக்கும், உள்ளே ஆறியிருக்காது. அந்தச் சமயத்தில் கழற்றி மாட்டிப் பார்க்கிறவர்கள்தான் திரும்பப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

நம்மிடம் யாரும் சொல்லாத ஒன்று நாக்கு வழிப்பது. மேல்நாட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் இது இருக்காது. நமக்கோ காலையில் எழுந்ததும் கை தானாக வழிப்பானுக்குப் போகும். ஸ்டீல் பட்டை கம்பியின் மேல்முனைக் குண்டில் மாட்டி இழுத்தால் துளை கிழியும். எட்டு வாரத்துக்கு அதை எடுத்து ஒளித்துவையுங்கள். புதிதாக ஒரு மெல்லிய பிரஷ் வாங்கி, முதல் வாரம் பல்லை மட்டும் தேயுங்கள். அதன் பிறகு குண்டுகளை, குறிப்பாகக் கீழ்க்குண்டை, மெதுவாகத் தேயுங்கள். பல்லில் காரை கட்டுவது போல அதிலும் கட்டும்.

பேச்சும் கொஞ்ச நாள் இழுக்கும். ழ, ள, ண, ட எல்லாவற்றுக்கும் நாக்கை மேலே வளைக்க வேண்டும், கம்பி அண்ணத்தில் இடிக்கும். வாழைப்பழம் சொல்லிப் பழகுகிறேன் என்று வளைக்காதீர்கள். வீக்கம் வடிந்தால் ழகரம் தானே வந்துவிடும். பல்லில் கம்பியைத் தட்டி விளையாடுவதும், உருட்டுவதும், சுற்றுவதும் கூடவே கூடாது.

சாப்பாடு: குளிர்ந்தது, மெதுவானது, காரமில்லாதது. இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளலாம், குழைந்த தயிர்சோறு, காரம் போடாமல் எலுமிச்சை பிழியாமல் ஆறின சொதி, தோல் உரித்த நுங்கு, இளநீர். புரோட்டா சால்னாவும் சூடான அல்வாவும் இரண்டு வாரம் பொறுக்கட்டும். பதநீரில் சுண்ணாம்பு இருக்கும், வேண்டாம். வெற்றிலை, புகையிலை, கள், சாராயம் எதுவும் ஆகாது. அண்ணாந்து குடிக்காதீர்கள், தடித்த நாக்கோடு புரையேறும். உங்களுக்கென்று தனி டம்ளர் வைத்து வாய்வைத்துக் குடியுங்கள். ஐஸ் துண்டைக் கடிக்காமல் கரையவிடுங்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். குற்றாலம், ஆறு, தெப்பக்குளம் எல்லாம் ஆறிய பிறகு. வலிக்கு, வயிற்றுப்புண் இல்லாதவர்கள் சாப்பிட்டபின் இபுபுரூஃபன் எடுக்கலாம், வீக்கமும் குறையும். ஆனால் காய்ச்சல் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள், பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் ரத்தம் உறையவிடாது, வேண்டாம்.

இப்போது கம்பி. உங்களுக்குப் போட்டிருப்பது 18 முதல் 22 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியாக இருக்கும். வீங்கும்போது குண்டு சதைக்குள் புதையாமல் இருக்கத்தான் அந்த நீளம். வீக்கம் வடிந்ததும் அதே நீளம் பகையாகிவிடும். பேசும்போதும் மெல்லும்போதும் பல்லுக்கு நடுவில் சிக்கும், பல் சில்லு தெறிக்கும், கீழ் முன்பல்லின் பின்பக்க ஈறு தேய்ந்து இறங்கும். இறங்கிய ஈறு தானாக வளராது. இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில் குத்தியவரிடமே போய் 14 அல்லது 16 மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குத்துகிற நாளிலேயே இதைச் சொல்லாத கடைகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். டைட்டானியம், அதிலும் ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்ற தரம், நல்லது. வெறும் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்றால் நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிக்கும். பிளாஸ்டிக் குண்டு விரிசல் விட்டு வாயில் உடையும்.

கம்மல் திருகாணி கழன்று விழுவது மாதிரி இதன் குண்டும் கழலும். நாளுக்கு இரண்டு முறை, சோப்புப் போட்டுக் கை கழுவி, கீழ்க்குண்டைப் பிடித்துக்கொண்டு மேல்குண்டை வலப்பக்கம் திருகிப் பாருங்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் மூச்சுக்குழலில் போயிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

ஊசியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லூரிப் பிள்ளை நாக்கு குத்தினால் 'ஊசி சுத்தமா, எச்.ஐ.வி. வருமே' என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்; மஞ்சள் காமாலை பி, சி இரண்டும் ஊசி வழியே பரவும். ஆனால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்து வரிசையாகப் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது, அந்தக் கம்பி முந்தின பிள்ளையின் காதிலிருந்து எப்படிச் சுத்தமாகி வந்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஆசாரியைக் குற்றம் சொல்லவில்லை, கேட்காதது நாம். பிள்ளைக்கு ஒன்று, ஒரே முறை, பிரிக்காத உறையிலிருந்து எடுத்த ஊசி. வழக்கத்தில் கைவைக்காமலே இதைச் செய்யலாம். உங்கள் விஷயத்தில் உறை பிரிக்காத ஊசிதானா என்று நினைவில்லையென்றால், ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி, காத்திருக்கக் கூடாதவை. நாக்கின் நடுக்கோட்டில் பெரிய ரத்தக்குழாய் இல்லை, இரண்டு பக்கமும்தான் ஓடுகின்றன. அதனால்தான் நடுவில் குத்துவது. சுத்தத் துணியால் கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் போய்விடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால், குண்டு சதைக்குள் புதைந்தால் அன்றே காட்டுங்கள். இதய வால்வுக் கோளாறோ, சிறுவயதில் வாதக்காய்ச்சலோ இருந்திருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் உட்காரும்.

தாடைக்குக் கீழே கழுத்துவரை கல் மாதிரி வீங்கி, நாக்கு மேலே தள்ளி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், காலைவரை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 108. வீட்டுக்குச் சொல்லப் பயமாக இருந்தாலும் அறைத் தோழி ஒருத்தியிடமாவது இன்றைக்கே இதைக் காட்டி வையுங்கள். அப்படி வீங்கினால் போனில் பேச உங்களுக்கு நாக்கு புரளாது, அவள்தான் பேச வேண்டியிருக்கும்.