பெரிய தனியார் நெட்வொர்க்குக்கு ஐபி முகவரிகளை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்களை) யாரிடம் வாங்குவது?

உள்ளுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் என்றால் யாரிடமும் வாங்க வேண்டாம். 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை மொத்தம் 1,67,77,216 முகவரிகள் தனியார் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. விண்ணப்பம், கட்டணம் எதுவும் கிடையாது.

பொது இணையத்தின் ரவுட்டர்கள் இந்த எண்களுக்கு வழி காட்டாது. அதனால் ஆயிரம் நிறுவனங்கள் ஒரே எண்ணை வைத்திருந்தாலும் மோதல் வராது. எல்லாக் கட்டடத்திலும் அறை எண் 101 இருக்கிறதே, அதுபோல. தபால்காரருக்கு வாசல் முகவரி போதும். அந்த வாசல் முகவரிதான் பொது ஐபி. இணைய சேவை நிறுவனமே சிலவற்றைத் தரும், நிறைய வேண்டுமென்றால் வட்டாரப் பதிவகத்தை, அதாவது நம் பகுதிக்கு ஐபி எண்களை ஒதுக்கும் அமைப்பை, அணுக வேண்டும். என்ன, இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரு பக்கமும் 10.0.0.1 இருந்து தலைவலி கொடுக்கும்.

‘உள்ளேதானே, எந்த எண்ணையும் போடலாம்’ என்று பலர் நினைப்பது தப்பு: 8.8.8.8 என்பது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (இணையதளப் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் கணினி) ஒன்றின் முகவரி. அதை உள்ளே ஒரு பிரிண்டருக்குக் கொடுத்தால், அந்த சர்வரைத் தேடும் கணினி அந்தப் பிரிண்டரிடம் போய் நிற்கும்.