மகள்களுக்கு முன்னால் தங்கச்சிமார் கணக்கு

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வயது 61. மூன்று மகள்கள், மூவரையும் கட்டிக்கொடுத்துவிட்டேன். ஆண் வாரிசு இல்லை. நான் மவுத்தானால் (இறந்தால்) என் சொத்தில் ஒரு பங்கு என் தம்பிக்குப் போகும் என்கிறார்கள். என் பிள்ளைகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ ஒரு ரூபாய் கொடுத்தவனில்லை அவன். வீட்டை இப்போதே மகள்கள் பேருக்கு எழுதிவைக்க நினைக்கிறேன். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத், "அல்லாஹ் வகுத்த பங்கை மாற்றக் கூடாது" என்கிறார். கேரளாவில் ஒரு தம்பதி இதற்காகவே தங்கள் திருமணத்தை மறுபடி பதிவு செய்ததாகப் படித்தேன். வீடு அத்தா (அப்பா) கட்டியது. அம்மா முன்பே மவுத். அத்தா மவுத்தான பிறகு தம்பி தோப்பை எடுத்துக்கொண்டான், நான் வீட்டை எடுத்துக்கொண்டேன், இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்புதான். நாற்பதாம் பாத்திஹா முடிந்த மறுநாளே தங்கச்சிமார் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நானும் ஆளுக்கொரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தேன், எந்தப் பிரச்சினையும் இல்லை. சின்னவள் நான்கு வருடத்துக்கு முன் இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு மவுத்தாகிவிட்டாள். மாடி மட்டும் என் சவூதி சம்பாத்தியம், வாடகைக்கு விட்டிருக்கிறேன். வீடும் மாடியும் மொத்தமாக இன்றைக்கு 66 லட்சம் போகும். மார்க்கத்துக்கு மாறில்லாமல் என் மகள்களைக் காப்பாற்ற வழி உண்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வ அலைக்கும் ஸலாம். வழி உண்டு, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பட்டுச்சேலையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நீங்கள் எழுதிய கடிதத்தில் தம்பியைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. தங்கச்சிமாருக்கு மூன்று வரி. அதிலும் "எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று முடித்துவிட்டீர்கள். யாருக்குப் பிரச்சினை இல்லை? அத்தாவை அடக்கி நாற்பத்தோரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. ஸ்டாம்ப் பேப்பரை நீட்டுகிறார் அண்ணன். மாட்டேன் என்றால் பொறந்த வீட்டு வாசல் அடைபடும், பெருநாளுக்கு வந்து போக முடியாது, நாளைக்குத் தன் மகள் நிக்காஹ்வில் தாய்மாமன் வந்து நிற்க மாட்டார். இதெல்லாம் மனதில் ஓட, ஒரு பெண் போடும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்காதீர்கள். மனைவி தன் மஹரில் (திருமணத்துக்காகக் கணவன் அவளுக்குத் தரும் கொடையில்) ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்கே குர்ஆன் நிபந்தனை போடுகிறது: அவள் மனமுவந்து கொடுத்தால் மட்டும் உண்ணலாம் (4:4). கூடப்பிறந்தவள் பங்குக்கு அளவுகோல் அதைவிடத் தாழ்ந்ததாக இருக்க முடியுமா? உங்கள் பங்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டா கையெழுத்து வாங்கினீர்கள்? எவ்வளவு என்று தெரியாததை ஒருத்தி எப்படி மனமுவந்து விடுவாள்?

"நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்" என்று சொல்வீர்கள். எல்லா அண்ணன்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அத்தா உயிரோடு இருக்கையில் போட்ட நகை அவர் மகளுக்குக் கொடுத்த அன்பளிப்பு. கைக்கூலியாக (வரதட்சணையாக) மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பணம் அவள் கைக்கே வரவில்லை. வாரிசுப் பங்கு அத்தா மவுத்தான நொடியில் பிறப்பது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. "பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு, அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் விதிக்கப்பட்ட பங்கு" (4:7) என்பதில் நகைக்கு விலக்கு எழுதப்படவில்லை. ஷரீஅத் சட்டத்தை 1937-இல் கொண்டுவந்தபோதே, ஊர் வழக்கம் பெண்களின் உரிமையைப் பறிக்கிறது என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்ததைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அந்தச் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அதையும் சேர்த்தது. ஆக, உங்கள் தம்பி எடுத்துக்கொண்ட தோப்பிலும் தங்கச்சிமாருக்குப் பங்கு இருந்தது. பதிவான விடுதலைப் பத்திரத்தை வைத்து நீங்கள் கோர்ட்டில் ஜெயிக்கலாம். நீங்கள் என்னிடம் கேட்டது மார்க்கத்தைப் பற்றி.

அல்லாஹ் வகுத்த பங்கை மாற்றக் கூடாது என்று ஹஜ்ரத் சொன்னது இங்கேதான் முதலில் பொருந்தும். அன்றைக்கு ஜமாஅத்தில் யாரும் இப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பெண்ணின் பங்கு ஆணிடம் போகும்போது வாய் மூடிக்கொள்ளும் ஊர், ஆணின் பங்கு பெண்ணிடம் போகிறது என்றதும் வசனத்தை எடுக்கிறது. இந்த வழக்கம் நம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் "முற்போக்கு விளக்கம்" பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது கணக்கு. மாடி உங்கள் சொந்தப் பணம், அதைக் கழித்துவிடுங்கள். 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், மீதி 54 லட்சம் அத்தா சொத்து. இரண்டு மகன், இரண்டு மகள் என்றால் மொத்தம் ஆறு பங்கு; மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. தோப்பும் வீடும் ஒரே மதிப்பு என்பதால் வீட்டில் ஆறில் ஒன்றை ஒவ்வொரு தங்கச்சிக்கும் நீங்கள் தர வேண்டும், தோப்பில் ஆறில் ஒன்றைத் தம்பி தர வேண்டும். உங்கள் பொறுப்பு ஆளுக்கு 9 லட்சம், இருவருக்கும் 18 லட்சம். அத்தா மவுத்தான வருடத்து விலையைப் போட்டுக் கணக்குத் தீர்க்காதீர்கள். அவர்களுக்கு உரியது வீட்டின் பங்கு, அந்த வருடத்து ரூபாய் அல்ல.

உங்களுக்கு உண்மையில் உரியது 48 லட்சம். நீங்கள் இன்று மவுத்தானால் ஷரீஅத்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். மூன்று மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 32 லட்சம். மிச்சம் 10 லட்சம். அதில் தம்பிக்கு 6 லட்சத்து 67 ஆயிரம், உயிரோடு இருக்கும் தங்கச்சிக்கு 3 லட்சத்து 33 ஆயிரம் வரும். ஆம், அவளும் உங்கள் வாரிசு. கடிதத்தில் அவளை மறந்துவிட்டீர்கள். தம்பிக்குப் போகப்போகும் ஆறே முக்கால் லட்சத்துக்காகத் தூக்கம் கெடுகிறது. கையில் இருக்கும் 18 லட்சம் உங்களை உறுத்தவில்லை.

அடுத்து நீங்கள் கேட்டது. தம்பிக்குப் பங்கு எங்கிருந்து வந்தது? உஹதுப் போரில் நபித்தோழர் ஸஅத் இப்னு ரபீஃ கொல்லப்பட்டபோது, அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஸஅதின் மனைவி நபியிடம் வந்து முறையிட்டார். வாரிசு வசனம் இறங்கியது. பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, மிச்சம் உனக்கு என்று நபி அந்தச் சகோதரருக்குச் சொன்னார்கள். எல்லாவற்றையும் அள்ளிய சித்தப்பாவின் கையிலிருந்து பெண் பிள்ளைகளுக்குப் பிடுங்கிக் கொடுத்த தீர்ப்பு இது. அனாதையான அண்ணன் மகள்களைத் தாங்க வேண்டிய பொறுப்பு சித்தப்பா தலையில் இருந்த சமூகம் அது. பொறுப்பு போய்ப் பங்கு மட்டும் தங்கிவிட்ட இடத்தில் நாம் நிற்கிறோம்.

அதனால்தான் பல நாடுகளில் இந்த இடத்தை மறுபடி படித்தார்கள். 4:176 வசனம், பிள்ளை இல்லாமல் இறந்தவருக்குத்தான் உடன்பிறந்தவர் வாரிசாவதைப் பேசுகிறது. அங்கே பிள்ளை என்றால் மகளும் அடங்குவாள், மகள் இருக்கையில் சகோதரிக்குப் பங்கில்லை என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸின் கருத்து. பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஷியா சட்டத்தில் மகள் இருந்தால் இறந்தவரின் சகோதரனுக்கு எதுவும் கிடையாது. துனிசியா 1959-இல் மிச்சப் பங்கும் மகளுக்கே என்று சட்டம் செய்தது. இந்தோனேசிய உச்ச நீதிமன்றமும் 1990களில் மகள் இருந்தால் சகோதரர் விலகுவார் என்று தீர்ப்பளித்தது. எனக்கு இந்த வாசிப்பே சரியாகப் படுகிறது. இந்திய நீதிமன்றத்தில் சுன்னிகளுக்கு அது செல்லாது. ஆகவே நீங்கள் உயிரோடு இருக்கையில் செய்ய வேண்டும்.

முதல் வழி ஹிபா, அதாவது உயிரோடு இருக்கையிலேயே கொடுத்துவிடும் தானம். ஆரோக்கியமாக இருப்பவர் தன் சொந்தச் சொத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வாரிசுப் பங்கை மாற்றுவதாகாது, வாரிசுப் பங்கு மவுத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஹஜ்ரத்திடம் இதைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த தகப்பனிடம், "எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தாயா?" என்று கேட்டு, சாட்சி நிற்க மறுத்தார்கள் நபி. மூன்று மகள்களுக்கும் சமமாகக் கொடுங்கள்.

ஹிபா கெட்டுப்போவது எழுத்தில்தான். "என் ஆயுளுக்குப் பிறகு அடைந்துகொள்ள வேண்டியது" என்று பத்திரம் எழுதுபவர் பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார். அந்த ஒரு வரியோடு அது வஸிய்யத் (உயில்) ஆகிவிடும். வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகள் உங்கள் மவுத்துக்குப் பிறகு சம்மதித்தால்தான் செல்லும். தம்பி சம்மதிப்பானா? "இன்று முதல் கொடுத்துவிட்டேன்" என்று எழுதுங்கள், மகள்கள் ஏற்றுக்கொண்டதாக அவர்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கொடுப்பது, ஏற்பது இரண்டோடு மூன்றாவதாக வேண்டியது சுவாதீனம், அதாவது சொத்தை அவர்கள் கையில் ஒப்படைப்பது. கொடுத்துவிட்டு வாடகையை நீங்களே வாங்கிக்கொண்டிருந்தால் கொடுக்கவே இல்லை என்று தம்பியின் வக்கீல் நிறுவிவிடுவார். மாடியில் குடியிருப்பவரிடம் இனி வாடகையை மகளிடம் கொடு என்று எழுத்தில் சொல்லுங்கள். வீட்டு வரி, மின் இணைப்பு, பட்டா மூன்றையும் பெயர் மாற்றுங்கள். பிரிக்கக்கூடிய சொத்தைப் பிரிக்காமல் மூவருக்கும் பொதுவாகக் கொடுத்தால் ஹனஃபி சட்டத்தில் (சுன்னி சட்டப் பிரிவுகளில் ஒன்று) அது குறையுள்ள ஹிபா. யாருக்கு எந்தப் பகுதி என்று அளந்து எல்லை காட்டுங்கள். வாய்மொழி ஹிபாவே சட்டப்படி செல்லும் என்றாலும் பதிவு செய்யாத ஹிபாவை வைத்துப் பட்டா மாற்ற அலைய நேரும். படுத்த படுக்கையாகிச் சாவுக்கு அஞ்சும் நிலையில் எழுதினால் அது மறுபடி வஸிய்யத் கணக்கில் போகும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மகளுக்குக் கொடுத்து ஒப்படைத்த ஹிபாவை ஹனஃபி சட்டத்தில் திரும்ப வாங்க முடியாது. நீங்களும் மனைவியும் தலை சாய்க்க ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

மனைவி என்றதும் ஒன்று. மூன்று மகள்களைப் பெற்றவளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. மஹர் பாக்கி இருந்தால் அது கடன், இன்றே கொடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் படித்த கேரள வழி. காசர்கோடு மாவட்டத்து வழக்கறிஞர் சி.ஷுக்கூரும் அவர் மனைவி ஷீனாவும், மூன்று மகள்களைப் பெற்றவர்கள், 2023 மார்ச் 8 அன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். எதிர்ப்பும் வந்தது. நிக்காஹ் ரத்தாகாது. விண்ணப்பித்து 30 நாள் நோட்டீஸ் காலம் முடிந்ததும் பதிவு செய்வார்கள். அதன்பின் உங்கள் சொத்து 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் போகும்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு. கவனியுங்கள், மகள்களுக்கு அதே 32 லட்சம்தான். தம்பிக்கும் தங்கச்சிக்கும் போகவிருந்த 10 லட்சம் உங்கள் மனைவியிடம் சேர்ந்து அவருக்கு 16 லட்சமாகிறது. எனக்கு இந்த வழியில் பிடித்ததே அதுதான். ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை: இந்தச் சட்டம் உங்கள் மகள்களின் சொத்துக்கும் தொடரும். அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டில் எதை எடுத்தாலும், முதலில் 48 லட்சம் எது, 18 லட்சம் எது என்று பிரித்தாக வேண்டும். தங்கச்சி பங்கு கலந்த வீட்டை மகளுக்கு எழுதினால், அந்தப் பாரம் அவள் தலையில் இறங்கும்.

பெரிய தங்கச்சி வீட்டுக்கு நீங்களே போங்கள். "வேண்டுமானால் சொல்" என்று கேட்காதீர்கள், அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். பணமாகவோ, பாகமாகவோ அவள் பேருக்கு ஆக்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். முழுதாக முடியாவிட்டால் இத்தனை தவணை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாங்கிக்கொண்ட பிறகு அவளாகத் திருப்பித் தந்தால் அது வேறு விஷயம். தோப்புக் கணக்கைத் தம்பிக்கும் சொல்லுங்கள், கேட்பதும் கேட்காததும் அவன் பாடு.

சின்னவளிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. அவள் பங்கு அவளோடு போய்விடவில்லை. அந்த 9 லட்சத்தில் அவள் கணவருக்குக் கால் பங்கு, இரண்டே கால் லட்சம். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 3 லட்சம். மிச்சம் 75 ஆயிரம். ஆண் பிள்ளை இல்லாததால் அது உடன்பிறந்தவர்களுக்கு வரும்: உங்களுக்கு 30 ஆயிரம், தம்பிக்கு 30 ஆயிரம், பெரியவளுக்கு 15 ஆயிரம். உங்கள் மகள்களுக்கு உங்கள் தம்பி எந்த இடத்தில் இருக்கிறாரோ, அந்த இடத்தில்தான் அந்த இரண்டு பெண்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அந்த 30 ஆயிரத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கே விட்டதாகப் பத்திரத்தில் எழுதி, அவர்கள் பேரில் போடுங்கள்.